மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவானா?

1978 நவம்பர் 23ஆம் தேதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்துப்போட்டது. ஏறத்தாழ 900 உயிர்கள் போயின. விடிந்தபோது கல்குடாவில் எங்கள் வளவுத் தென்னைகள் பாதி முறிந்தும் பாதி வேரோடு சாய்ந்தும் கிடந்தன. நான் அப்போது சின்னப் பையன். அம்மம்மா ஒரு மாதம்வரை அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் இருந்தார். பிறகு ஒருநாள் எழுந்து, எங்கிருந்தோ தென்னம்பிள்ளைகள் வாங்கிவரச் செய்து, கிடங்கு வெட்டி நட்டார்.

கடற்கரை மணல் தண்ணீரைத் தங்கவிடாது. ஊற்றியதை ஊற்றியபடி குடித்துவிடும். மணலில் தோண்டிய பூவலில் ஊறிவரும் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்பி, கச்சான் காற்று காய்ச்சுகிற மாதங்களில் காலையும் மாலையும் அவர் சுமந்து ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஊற்றும்போது ஒரு சொல் சொல்வார்: “மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான், மனே.”

அந்த முரண் அப்போது எனக்குப் புரியவில்லை. தண்ணீர் ஊற்றுவது அம்மம்மாதானே, வேறு யாரோ ஊற்றுவான் என்கிறாரே என்று நினைத்தேன். ஊரில் பலர் இதே பழமொழியைக் கையைக் கட்டிக்கொண்டு சொல்வதைப் பிற்காலத்தில் கேட்டேன். ஒரே பழமொழி ஒருவரின் கையில் குடத்தைக் கொடுக்கிறது, இன்னொருவரின் கையிலிருந்து குடத்தை வாங்கிவிடுகிறது. எப்படி இது நடக்கிறது?

சூறாவளி, போர், இடப்பெயர்வு, ஆழிப்பேரலை, குண்டுவெடிப்பு, கொள்ளைநோய், பொருளாதார வீழ்ச்சி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த கரை இது. நிச்சயம் என்று சொல்ல எதுவுமில்லாத காலத்தில் மனிதன் தன் முயற்சியை எவ்வளவு நம்பவேண்டும், கடவுளை எவ்வளவு நம்பவேண்டும் என்ற கேள்வி எங்களுக்குப் பட்டிமன்றத் தலைப்பாக வந்ததல்ல, வாழ்க்கையாகவே வந்தது. இந்தக் கேள்விக்கு எங்கள் மத்தியில் மூன்று விடைகள் உலவுகின்றன. மூன்றையும் நடந்தவற்றின்மேல் உரசிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

எல்லாம் அவன் செயல்

முதல் விடை இது. இதன் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் எழுந்து நின்றதற்கு மருத்துவமோ நிவாரணப் பொதியோ முழுக் காரணமாக இருக்கவில்லை. கையைப் பிடித்திருந்தும் பிள்ளை நழுவிப்போனது என்று தன்னையே தின்றுகொண்டிருந்த ஒருத்திக்கு, “உன் கையில் இருந்தது அவ்வளவுதான்” என்று சொல்லும் துணிவு இந்த நம்பிக்கைக்கு மட்டும்தான் இருந்தது. குற்ற உணர்விலிருந்து மனிதரை மீட்க இதைவிடப் பெரிய மருந்தை நான் கண்டதில்லை.

ஆனால் இதே விடையை அந்த நாளின் காலைக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தபோது இலங்கையில் நேரம் காலை ஏழை நெருங்கிக்கொண்டிருந்தது. அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. இரண்டு மணி நேரத்தில் கல்குடாவிலிருந்து ஒரு கிழவி நடந்தே தப்பிப் போயிருக்கலாம். ஹவாயில் இருந்த பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்துக்கு நிலநடுக்கம் நடந்தது தெரியும். இந்து சமுத்திரக் கரைகளுக்குச் செய்தி சொல்ல ஒரு முறையான ஏற்பாடு மட்டும் இருக்கவில்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அலை எழுந்தது மனிதன் கையில் இல்லை. செய்தி வந்துசேராதது மனிதன் கையில் இருந்தது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. எட்டு ஆண்டுகள் ஆவதற்குள் அதே கடல் எங்களுக்கு இன்னொரு பரீட்சை வைத்தது. 2012 ஏப்ரல் 11, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, பிற்பகலில் அதே சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. இடைப்பட்ட காலத்தில், 2005ஆம் ஆண்டு 13ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாகியிருந்தது; இந்து சமுத்திரத்துக்கு என்று ஓர் எச்சரிக்கை அமைப்பும் வந்திருந்தது. அலை வரக்கூடிய நேரத்துக்கு முன்பே செய்தி வந்தது. கரையோர மக்கள் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். அன்று பெரிய அலை வரவில்லை; நிலத்தட்டு செங்குத்தாக எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம். அலை வராததைக் கடவுளின் கருணை என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அலை வந்திருந்தாலும் அந்தப் பிற்பகலில் எங்கள் சனம் 2004இல் செத்ததுபோலச் செத்திருக்காது. அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது மனித முயற்சி.

இதைவிடப் பெரிய சான்று வங்காள விரிகுடாவின் வடமுனையில் இருக்கிறது. 1970 போலா சூறாவளியில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் மாண்டவர்கள் மூன்று இலட்சத்துக்குக் குறையாதவர்கள். 1991 சூறாவளியில் வங்கதேசத்தில் ஏறத்தாழ 1,38,000 பேர். 2007இல் சிதர் சூறாவளி வந்தபோது அந்த எண்ணிக்கை மூவாயிரத்துச் சொச்சமாக இறங்கியிருந்தது. கடல் அதே கடல்தான். அந்த மக்களின் இறைநம்பிக்கையும் குறைந்துவிடவில்லை. உலகில் மிகுந்த பக்தியுள்ள மக்களில் அவர்களும் அடங்குவர். கூடியவை கொங்கிரீட் புகலிடங்களும், மெகாபோனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன ஆயிரக்கணக்கான தொண்டர்களும்தான்.

ஆகவே முதல் விடைக்கு என் மதிப்பீடு இது: இழப்புக்குப் பிறகு இது மருந்து. இழப்புக்கு முன்னால் இதுவே நோய்.

முயன்றால் முடியாதது இல்லை

இரண்டாவது விடை நம் காலத்துக்கு மிகவும் பிடித்தமானது. பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலும், மேடைகளில் ஊக்கப் பேச்சாளர்களின் வாயிலும், தொலைபேசியில் ஓடும் துண்டுக் காணொளிகளிலும் இதுதான் முழங்குகிறது. வங்கதேசத்தின் கணக்கைச் சொன்ன நானே இதைக் குறைத்துப் பேச முடியாது. போரில் மூன்று தரம் வீடிழந்து மூன்று தரமும் கட்டிய குடும்பங்கள் எங்கள் பகுதியில் இருக்கின்றன. அவர்கள் முன்னால் முயற்சியை இகழ்ந்து பேச எவருக்கும் வாய் வராது.

ஆனால் இந்த விடையிலும் ஒரு விரிசல் இருக்கிறது. அது 2021இல் எங்கள் வயல்களில் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து வர்த்தமானி வந்தது. பெரும்போகம் தொடங்க ஐந்து மாதம்கூட இருக்கவில்லை. விவசாயிகள் சோம்பி இருக்கவில்லை. போக ஆரம்பக் கூட்டத்துக்குப் போனார்கள். குளத்துத் தண்ணீர் திறக்கும் திகதிக்கு ஏற்ப விதைத்தார்கள். கிடைத்த மாட்டெருவையும் இலைதழையையும் போட்டார்கள். நவம்பரில் அரசாங்கம் தடையைத் தளர்த்தியபோது காலம் கடந்திருந்தது. பயிர் மஞ்சளாகி நின்றது. நாடு முழுவதும் விளைச்சல் சரிந்தது. அடுத்த ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. அதே காலத்தில் வாழைச்சேனைப் பக்கத்து மீனவர்கள் மண்ணெண்ணெய்க்காக நாள் கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். கடல் அமைதியாக இருந்தது, மீன் இருந்தது, உழைக்க உடம்பும் இருந்தது. படகு மட்டும் கரையில் இருந்தது.

அந்த விவசாயியிடமும் மீனவரிடமும் போய், முயன்றால் முடியாதது இல்லை என்று சொல்ல முடியுமா? சொன்னால் அதன் பொருள், நீ முயலவில்லை, அதனால்தான் தோற்றாய் என்பதுதான். இந்த விடையின் கொடுமை இங்கே இருக்கிறது. வென்றவனுக்கு மாலை போடும் அதே கையால் தோற்றவனின் முகத்தில் அறைகிறது. மனிதர் தோற்பதற்கு அவர்களின் சோம்பலும் இயற்கையின் சீற்றமும் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. எங்கோ இருக்கும் வேறு மனிதர்களின் தீர்மானங்களும் காரணம். எல்லாவற்றையும் தன் முயற்சிக் கணக்கில் எழுதப் பழகியவர், தன் கையில் இல்லாத தோல்வி வரும்போது, அதற்கும் தானே குற்றவாளி என்று நம்பி உடைந்துபோகிறார். கடன் தொல்லையில் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் வீடுகளுக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இரண்டாவது விடை கையை எழுப்புகிறது. ஆனால் விழுந்தவனைத் தாங்க அதனிடம் எதுவுமில்லை.

பாதி அவன், பாதி நான்

இப்படி இரண்டும் தனித்தனியே குறைபடுவதால், நடுவில் நிற்கும் மூன்றாவது விடை நியாயமானதாகத் தோன்றும். பாதி நம் கையில், பாதி கடவுள் கையில். இரண்டையும் தராசில் சமமாகப் பிடித்துக்கொள் என்பது அது. கேட்க இதமாக இருக்கும். நெடுங்காலம் நானும் இதையே நம்பினேன். இதை நான் கைவிட்டது ஒரு படகுத்துறையில்.

பின்னேரம் கடலுக்குப் புறப்படும் உறவுக்காரர் ஒருவரை வழியனுப்பப் போயிருந்தேன். அவர் எஞ்சினின் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். எண்ணெய்க் கலனை ஆட்டிப் பார்த்தார். படகின் அடித்துவாரத்துத் தக்கையைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினார். நங்கூரக் கயிற்றின் முடிச்சை இழுத்தார்; திருப்தியில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினார். வாடைக் காற்றுப் பக்கத்து வானத்தை நின்று பார்த்தார். அதன்பிறகு அணியத்தில் வெற்றிலை வைத்துக் கற்பூரம் கொளுத்தி, கண்ணை மூடி நின்றார். கற்பூரம் அணைந்ததும் போனவர், போகிறபோக்கில் அந்த முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

அந்த மனிதர் எதைப் பாதியாகப் பிரித்தார்? கட்டவேண்டிய முடிச்சு பத்து என்றால் பத்தையும் கட்டினார். ஐந்தைக் கட்டிவிட்டு மீதி ஐந்தைச் சாமிக்கு விடவில்லை. கும்பிட்டபோதும் பத்து முடிச்சுக்கும் சேர்த்தே கும்பிட்டார். முயற்சி முழுதாக இருந்தது, நம்பிக்கையும் முழுதாக இருந்தது. 2012 ஏப்ரலில் அலைக்குப் பயந்து நாங்கள் ஓடிய அன்று பக்கத்து வீட்டு அக்காவின் கையிலிருந்த பொலித்தீன் பையும் இதையே சொன்னது. அதற்குள் அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், கண்ணகி அம்மன் படம் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. அக்காவுக்கு அவற்றைப் பிரித்துவைக்கத் தோன்றவில்லை.

தராசு என்ற உவமையே பிழை. ஒரு தட்டு இறங்கினால் மறுதட்டு ஏறும் என்பதுதான் தராசின் நியதி. நம்பிக்கை கூடினால் முயற்சி குறையவேண்டும் என்ற எண்ணத்தை அது நம்மையறியாமல் உள்ளே விதைத்துவிடுகிறது. வாழ்க்கை அப்படி இயங்குவதில்லை. மூன்றாவது விடை சமாதானம் செய்கிறது; ஆனால் சண்டையே இல்லாத இடத்தில் செய்கிறது.

நான்கு சமயச் சாட்சிகள்

நம்பிக்கையாளர் சிலர் இங்கே மறுப்பார்கள். உண்மையான சரணாகதி என்பது தன் முயற்சியை அறவே விடுவதுதானே என்பார்கள். இது வலுவான மறுப்பு. தமிழ் மண்ணில் நூற்றாண்டுகளாக வாதிக்கப்பட்ட மறுப்பு. பின்னாளில் வடகலை, தென்கலை என்று பிரிந்த வைணவத்தில் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்ற இரு உவமைகள் உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளவேண்டும். பூனைக்குட்டி எதுவும் செய்யவேண்டியதில்லை, தாயே கவ்விக்கொண்டு போகும். குரங்குக்குட்டியைச் சொல்லும் வடகலையார் வேதாந்த தேசிகரையும் பூனைக்குட்டியைச் சொல்லும் தென்கலையார் பிள்ளை லோகாச்சாரியாரையும் தங்கள் பெரும் ஆசாரியராகக் கொள்கிறார்கள்.

1323இல் டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது இந்த இருவரும் என்ன செய்தார்கள் என்று வைணவ மரபு சொல்வதைக் கேளுங்கள். பூனைக்குட்டி நெறிக்கு இலக்கணம் வகுத்த லோகாச்சாரியார், முதிர்ந்த வயதில், அரங்கனின் உற்சவத் திருமேனியான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே காடும் மேடும் கடந்து போனார்; அரங்கன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்று இருந்துவிடவில்லை. அந்த வழியிலேயே, மதுரைப் பக்கத்து ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. தேசிகர் சுருதப்பிரகாசிகை என்ற அரிய நூலின் சுவடியைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறினார். தத்துவத்தில் வேறுபட்ட இருவரும் ஆபத்து வந்த நாளில் கையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டே நடந்தார்கள். பூனைக்குட்டி வாதம் வீடுபேற்றைப் பற்றியது. அதைக் கொண்டுவந்து வெள்ளத்துக்கும் வேளாண்மைக்கும் பொருத்துவதுதான் நாம் செய்யும் பிழை. அந்த வாதத்துக்கு இலக்கணம் வகுத்தவரே அந்தப் பிழையைச் செய்யவில்லை.

சைவத்தில் அப்பரைவிட இறைவனை நம்பியவர் யார்? கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோதும் அஞ்சாமல் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்று மரபு போற்றுகிறது. அந்த அப்பரின் திருவுருவத்தை எங்கள் கோயில்களில் பாருங்கள். அவர் கையில் இருப்பது உழவாரப்படை. புல் செதுக்கும் கருவி.

இஸ்லாமிய வரலாற்றில் ஒரு காட்சி இதே கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் கலீபா உமர் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வருகிறது. உமர் திரும்பிவிடத் தீர்மானிக்கிறார். இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர் என்று அவருடைய தளபதி அபூ உபைதா கேட்கிறார். ஆம், இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற பொருள்பட உமர் விடை சொல்கிறார். அந்த விடையில் முயற்சி விதிக்கு வெளியே நிற்கவில்லை; ஒதுங்குவதும் தடுப்பதும் மருந்து தேடுவதும் விதிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

விவிலியத்தில் எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டிய நெகேமியாவின் கதையும் அப்படித்தான். பகைவர் சூழ்ந்தபோது மக்கள் மன்றாடினார்கள், கூடவே இரவும் பகலும் காவலும் போட்டார்கள்.

கல்குடாத் தொகுதிக்குள் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே நிற்கின்றன. மூன்றினது மரபும் இந்த ஒரு விடயத்தில் முரண்படவில்லை. கையைக் கட்டச் சொல்வது சமயம் என்று நினைப்பவர், தன் சமயத்தையே சரியாகப் படிக்காதவர்.

ஓட்டமாவடி மண்

நூல்களின் சாட்சி போதாது என்பவருக்கு, எங்கள் தொகுதியிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2020 ஏப்ரலில், கொவிட் நோயால் இறந்தவர் எவராயினும் உடலை எரிக்கவேண்டும் என்று இலங்கை அரசு வர்த்தமானி வெளியிட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அது மாறவில்லை. ஜனாஸாவை, அதாவது இறந்தவர் உடலை, மண்ணில் அடக்குவது முஸ்லிம்களுக்கு விலக்க முடியாத கடமை. பிறந்து இருபது நாளான குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது.

எல்லாம் இறைவன் நாட்டம் என்பது அந்தச் சமூகத்தின் அன்றாடச் சொல். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டில் அழுதுகொண்டு மட்டும் இருந்திருக்கலாம். அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2020 டிசம்பர் 1இல் மனுக்கள் தள்ளுபடியாயின. அதற்குப் பிறகும் விடவில்லை. கொழும்பு பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். வேற்று மதத்தவரும் வந்து கட்டினார்கள். மருத்துவ அறிஞர்கள் எழுதினார்கள், உலக நாடுகளில் குரல் எழுந்தது. 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாறியது. மார்ச் 5ஆம் தேதி முதல் ஜனாஸாக்கள் ஓட்டமாவடியின் மஜ்மா நகருக்கு வந்தன.

நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் உடல் இங்கேதான் வரவேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. ஓராண்டுக்குள் 3,600க்கும் மேற்பட்ட உடல்களை இந்த மண் வாங்கிக்கொண்டது. முஸ்லிம்களோடு இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே கிடக்கிறார்கள். நோயின் அச்சம் உச்சத்தில் இருந்த நாட்களில் பிரதேச சபையினரும் ஊர்த் தொண்டர்களும் வெயிலிலும் மழையிலும் நின்று அந்தக் குழிகளை ஒழுங்குசெய்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை அந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இங்கே நம்பிக்கை முயற்சியைக் குறைத்ததா? அந்த மக்களை நீதிமன்றத்துக்கும் வீதிக்கும் மயானத்துக்கும் அழைத்துப்போனதே நம்பிக்கைதான். வெற்றி நிச்சயம் என்று தெரிந்து இறங்கியவர்கள் அல்ல அவர்கள். சரியானதைச் செய்துவிடவேண்டும், முடிவு அவனிடம் என்று இறங்கியவர்கள். முடிவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாதவருக்குத்தான் இவ்வளவு நீண்ட முயற்சி கைகூடும். முதல் தோல்வியிலேயே அவர் உடைவதில்லை.

யார் சொல்கிறார்?

இனி மிகக் கடினமான சாட்சிக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற சிறுவர்களும் இறந்தவர்களில் அடங்குவர். கடவுளின் வீட்டிலேயே, கடவுளைப் பாடிவிட்டு வந்த பிள்ளைகள். இந்தச் சாவின் முன்னால் நம்பிக்கையைப் பாதுகாப்புக் கவசம் என்று சொல்லும் எந்தப் பிரசங்கமும் நிற்காது. நம்பினால் ஆபத்து வராது என்ற வாக்குறுதியை எந்த மதத்தின் பேரால் யார் தந்தாலும் அது பொய்.

அந்த நாளைப் பற்றி இரண்டு வகையானவர்கள் பேசலாம். பிள்ளையைப் புதைத்த பெற்றோர், அவன் ஆண்டவரிடம் போய்விட்டான், அவர் சித்தம் என்று சொல்லலாம். அந்தச் சொல்லுக்கு முன்னால் நான் தலைகுனிகிறேன். தாக்குதல் நடக்கப்போகிறது என்ற முன்னெச்சரிக்கை அந்த மாதத் தொடக்கத்திலேயே கிடைத்தும் செயற்படாதவர்கள் அதே சொல்லைச் சொல்லலாமா? 2023 ஜனவரி 12ஆம் தேதி உயர் நீதிமன்றம் இதற்கு விடை தந்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் கடமையில் தவறினார் என்று கண்டு, அவர் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்புத் துறையின் முன்னாள் அதிகாரிகளும் செலுத்தவேண்டும் என்றது. விதியின் கணக்கில் எழுத முடியாததை நீதிமன்றம் மனிதர் கணக்கில் எழுதியது.

என் மதிப்பீட்டின் மையம் இங்கேதான் இருக்கிறது. எல்லாம் அவன் செயல் என்ற சொற்றொடர் உண்மையா, பொய்யா என்று கேட்பது வீண். அதை யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார், சொன்னபின் அவர் கை என்ன செய்கிறது என்ற மூன்றையும் கேட்கவேண்டும். இழந்தவர் தன் இழப்பைப் பற்றிச் சொன்னால் அது வழிபாடு. காக்கவேண்டியவர் தான் காக்காததைப் பற்றிச் சொன்னால் அது தப்பித்தல். முடிந்ததையெல்லாம் செய்தபின் சொன்னால் அமைதி. செய்யவேண்டியதற்கு முன் சொன்னால் சோம்பல். சொல்லிவிட்டு முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிற கை நம்பிக்கையின் கை. சொல்லிவிட்டு மடியில் விழுகிற கைக்கு வேறு பெயர் தேடிக்கொள்ளுங்கள்.

முயன்றால் முடியாதது இல்லை என்ற சொல்லுக்கும் இதே உரைகல்தான். தனக்குத்தானே சொன்னால் அது வீரம். விழுந்து கிடப்பவனைப் பார்த்துச் சொன்னால் வன்மம்.

ஒரு கேள்வி மிஞ்சுகிறது. முயலவே முடியாதவர்களின் நிலை என்ன? படுக்கையில் கிடப்பவர், முகாமில் அடைபட்டவர், குடத்தைத் தூக்கப் பலமில்லாத முதியவர். அவர்களிடம் நம்பிக்கை மட்டுமே இருக்கிறது. அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று அவர்கள் சொல்லும்போது அந்தப் பழமொழி எங்களுக்கான கட்டளையாக மாறிவிடுகிறது. வைத்தவன் ஊற்றுவது அயலவரின் கையால்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்த நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, பல இடங்களில் அரசாங்கத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தது சோற்றுப் பார்சலோடு வந்த அயலவரின் கைதான்.

அம்மம்மாவிடம் திரும்புகிறேன். தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு ஆண்டு எடுக்கும். அறுபதைத் தாண்டிய ஒருத்தி, எல்லாம் விழுந்து கிடந்த வளவில், இன்னொரு சூறாவளி வராது என்ற எந்த உறுதியும் இல்லாமல், அந்தப் பிள்ளைகளை நட்டாரே, நடத் தூண்டியது நம்பிக்கை. மணல் குடித்த தண்ணீருக்கு மேல் மறுபடியும் தண்ணீர் சுமக்க வைத்தது முயற்சி. இரண்டில் எது எவ்வளவு என்று அவர் ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை.

என் தீர்ப்பு இது. முயற்சி உயிரைக் காக்கும். காக்க முடியாமல் போன நாளில் நம்பிக்கை மனிதரைக் காக்கும். ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுத்தால் இரண்டும் கெடும். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று சொல்ல உரிமை உண்டு. குடம் கையில் இருப்பவருக்கும், குடத்தைத் தூக்கவே முடியாதவருக்கும். தூக்க முடிந்தும் தூக்காத நமக்கு அந்த உரிமை இல்லை. அடுத்த மாரிக்கு முன் உங்கள் வீட்டு முக்கியப் பத்திரங்களை ஒரு பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். கும்பிடும் தெய்வத்தின் படத்தையும் அதற்குள்ளேயே வையுங்கள்.